மாமனாரும் மட்கார்டும்

காற்று இலவசம் என்று முதலில் சொன்ன புண்ணியவான் பேரிங் வாங்கிப் பார்த்ததில்லை.

என்னிடம் ஒரு கைட் பக்கி இருக்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயில் ஒரு சட்டம், அதில் தரையை உரசுகிற உயரத்தில் தொங்கும் துணி இருக்கை, முன்னால் ஒன்று பின்னால் இரண்டு என்று மூன்று சக்கரம். இன்ஜின் இல்லை, பெடலும் இல்லை. பெரிய பட்டம் ஒன்றை மேலே ஏற்றி, அதன் கயிறுகளைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியது. பட்டம் இழுக்கும், வண்டி போகும். முன் சக்கரத்து ஃபோர்க்கின் இரண்டு பக்கமும் மிதிகட்டைகள் இருப்பதால் திருப்புவது காலால்தான். ஆக, கை இரண்டும் பட்டத்துக்கு, கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. மூக்கு அரித்தால் வண்டியை விட்டு இறங்கித்தான் சொறிய வேண்டும்.

இன்றைக்கு உலகமெங்கும் ஓடும் இந்த வடிவத்தை 1990 வாக்கில் செய்து கொடுத்தவர் நியூசிலாந்தில் ஆஷ்பர்ட்டன் ஊரைச் சேர்ந்த பீட்டர் லின். பட்டம் செய்வதே தொழிலாகக் கொண்டவர். கலிபோர்னியா, நெவாடா எல்லையில் ஐவன்பா என்ற வறண்ட ஏரிப் படுகையில் இந்த வகை வண்டியை மணிக்கு 130 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. பக்கத்தில் ஓடுகிற நாய் என்னை முந்தாமல் இருந்தால் போதும்.

நான் ஓட்டுவது பிரிஸ்டலுக்குத் தென்மேற்கே உள்ள பிரீன் கடற்கரையில். கடற்கரை என்றதும் மெரினாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். பிரிஸ்டல் கால்வாயில் கடல் ஏறி இறங்கும் உயரம் உலகத்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. ஏவன்மவுத் பக்கம் 14 மீட்டர் வரை போகும். அவ்வளவு உயரம் இறங்குகிற கடல், தட்டையான கரையில் எவ்வளவு தூரம் பின்வாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் காலடியில் இருந்த கடல் மத்தியானம் கண்ணுக்கே தெரியாது. அது விட்டுவிட்டுப் போகும் சொத்து மேலே மணல், நடுவில் ஈரமணல், கீழே சேறு. சாதாரணச் சேறு இல்லை. ஆளை விழுங்கும் சேறு. பக்கத்து ஊரான பர்ன்ஹாமில் அதில் சிக்குகிறவர்களை மீட்பதற்காகவே ஹோவர்கிராஃப்ட் வைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கத்து ஊரான வெஸ்டன்-சூப்பர்-மேரை இங்கிலாந்துக்காரர்களே வெஸ்டன்-சூப்பர்-மட் என்று கேலி செய்வார்கள்.

இந்த மண்ணில் பக்கி ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. முன் சக்கரம் இரண்டு காலுக்கும் நடுவில் சுற்றுகிறது. சுற்றுகிற சக்கரம் ஈரமணலை அள்ளுகிறது. அள்ளியதை மேலே கொண்டுபோய் வீசுகிறது. வீசுகிற இடத்தில் என் முகம் இருக்கிறது. கண்ணாடி போட்டுக் கண்ணைக் காப்பாற்றலாம். வாயை மூடிக்கொண்டு ஓட்டலாம், ஆனால் பயத்தில் கத்துகிறவன் வாயை எப்படி மூடுவது? ஒவ்வொரு முறையும் வீடு திரும்பும்போது என் மனைவி கதவைத் திறந்து, ஏற இறங்கப் பார்த்து, "என்னங்க, உள்ள வராதீங்க. அப்படியே பின்பக்கமா போய்ப் பைப்படியில நில்லுங்க" என்பாள். இழவு வீட்டுக்குப் போய்வந்த மரியாதை.

சேறு முகத்தோடு நிற்பதில்லை. உப்பும் மணலும் சேர்ந்து பேரிங்குக்குள் நுழைந்து குடித்தனம் நடத்தத் தொடங்கும். போன இலையுதிர் காலத்தில் மூன்று சக்கரமும் சேர்ந்து கரகரவென்று அரைக்க ஆரம்பித்தன. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், பின்னால் இரண்டையும் அகலமானதாகப் போட்டுவிடலாம், முன்னால் ஒரு மட்கார்டும் மாட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். தனியாகச் செய்திருந்தால் ஒரு வாரக் கடைசியில் முடிகிற வேலை. அந்தச் சமயம் பார்த்துக் கோவில்பட்டியிலிருந்து மாமனார் வந்து சேர்ந்தார்.

மாமா வாழ்நாள் முழுவதும் சைக்கிள் கடை வைத்திருந்தவர். வாடகை சைக்கிள், பஞ்சர், கோட்டம் எடுப்பது, ஓவராயில் என்று எல்லாம் பார்த்தவர். ஆறு மாத விசாவில் பிரிஸ்டல் வந்தவருக்கு முதல் வாரத்திலேயே கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை, டீக்கடை இல்லை, யாரும் யாரிடமும் சத்தமாகப் பேசுவதில்லை. ஒருநாள் காலை கராஜைத் திறந்தவர் பக்கியைப் பார்த்தார். அப்புறம் டிவி பக்கம் போகவில்லை.

முதலில் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பழைய டயரில் இருந்த எண்ணைப் படித்தார். "4.00-8. என்ன மாப்பிள்ளை, இது ஆட்டோ டயர்ல்ல?"

உண்மைதான். நம் ஊர் பஜாஜ் ஆட்டோவில் ஓடுவதும் 4.00-8. பக்கியில் இருப்பது கைவண்டிக்கு வரும் இலகுவான ரகம் என்றாலும் அளவு அதே அளவு. "இதுவும் மூணு சக்கரம், அதுவும் மூணு சக்கரம்" என்று யோசித்தவர், வண்டியின் விலையைக் கேட்டார். சொன்னேன். பவுண்டை ரூபாயாக மாற்றச் சில வினாடி எடுத்துக்கொண்டார். "இந்தக் காசுக்கு ஒரு பழைய ஆட்டோவே வாங்கிரலாமே. கூரை இருக்கும், ஹாரன் இருக்கும், நாலு பேரு உக்காரலாம்."

அடுத்து நான் வாங்கிவைத்திருந்த புதுச் சக்கரங்கள். 21x12-8. அதாவது 21 அங்குல உயரம், 12 அங்குல அகலம், 8 அங்குல ரிம். "டிராக்டருக்கா?" என்றார். மெல்லிய சக்கரம் இளகிய மணலில் புதையும், அகலமானது மிதந்து போகும் என்று விளக்கினேன். அதை ஒத்துக்கொண்டார். ஆனால் டயரைக் கட்டைவிரலால் அழுத்தியதும் முகம் மாறிவிட்டது. இந்த வகை டயரில் 10 பி.எஸ்.ஐக்கும் குறைவாகத்தான் காற்று வைப்போம். அப்போதுதான் மணலில் தட்டையாக உட்காரும். மாமாவின் கடையில் காற்று குறைவாக இருந்த சைக்கிளை வாடகைக்கு விட்டதாகச் சரித்திரமே இல்லை. "காத்துல ஓடுற வண்டிங்கிறீங்க, காத்தே இல்லாம வச்சிருக்கீங்களே" என்று பம்பைத் தேடியவரைத் தடுத்து நிறுத்த மகளையே கூப்பிட வேண்டியிருந்தது.

பேரிங் விஷயத்தில் மட்டும் நாங்கள் இருவரும் ஒரே மதம். எங்கள் ஆக்ஸில் 20 மில்லிமீட்டர், அதற்கு வேண்டியது 6204. மாமா எண்ணைக் கேட்ட மாத்திரத்தில், "கடைசி ரெண்டு நம்பரை அஞ்சால பெருக்குங்க. நாலஞ்சு இருவது. சரியாப் போச்சு" என்றார். உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, தடிமன் 14 மில்லிமீட்டர். கோவில்பட்டியிலும் அதே, பிரிஸ்டலிலும் அதே, ஆஷ்பர்ட்டனிலும் அதே. உலகத்தில் நாடுகள் ஒத்துக்கொண்ட விஷயங்கள் கொஞ்சம்தான். அதில் பேரிங் நம்பர் ஒன்று. ஐக்கிய நாடுகள் சபையை இந்தக் கம்பெனிக்காரர்களிடம் விட்டிருக்கலாம். எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருக்க வேண்டும், அதாவது இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. இசட்இசட் என்று போட்ட தகர மூடி ரகம் கடற்கரைக்கு ஆகாது. மணலை வரவேற்று உட்கார வைக்கும்.

இந்த 6204 பல வாஷிங் மெஷின்களிலும் டிரம்மைத் தாங்குகிற பேரிங். இதை நான் ஆர்வக்கோளாறில் மனைவியிடம் சொல்லியிருக்கக் கூடாது என்று என் நண்பர்கள் சொல்வார்கள். அன்றிலிருந்து மெஷின் கொஞ்சம் அதிர்ந்தாலும் அவள் கராஜ் பக்கம் திரும்பி, "அப்பா, அதுல கை வைக்கலைல்ல?" என்று குரல் கொடுக்கத் தொடங்கினாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டுப் பயனில்லை என்று நினைத்திருக்கலாம்.

பேரிங்கை ரிம்முக்குள் இறக்க ஒரு முறை உண்டு. பேரிங்கை ஃப்ரீசரில் வைப்பது, ரிம்மைச் சூடாக்குவது. இரும்பு சுருங்கும், அலுமினியம் விரியும், ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். சுருங்குகிற அளவு தலைமுடியின் பருமனில் பாதிகூட இருக்காது, ஆனால் சுத்தியலின் கோபத்தைத் தணிக்க அது போதும். எங்கள் ஃப்ரீசரில் துருவிய தேங்காய்ப் பாக்கெட்டுக்கும் உறைந்த முருங்கைக்காய்க்கும் நடுவில் ஆறு பேரிங்குகள் ஓர் இரவு தங்கின. சட்னிக்குத் தேங்காய் எடுக்கப் போனவள் எதையோ எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்ப வைத்தாள். அந்தப் பேசாமையின் விலை எனக்குத் தெரியும். அன்று சட்னி கிடையாது, பொடி.

மறுநாள் மாமா வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார். பேரிங்கின் வெளி வளையத்தில் மட்டும்தான் அடி விழ வேண்டும். உள் வளையத்தில் விழுந்தால் குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழுந்துவிடும், புதுப் பேரிங் ஓடாமலே கிழடாகிவிடும். அவர் பழைய பேரிங் ஒன்றை மேலே வைத்து, மரக்கட்டையால் டொக் டொக்கென்று தட்டினார். சத்தம் மாறுகிற இடத்தில் நிறுத்தினார். "உக்காந்திருச்சு." அதற்கு மேல் ஒரு தட்டு கிடையாது. இரண்டாவது பேரிங்கை நான் கொடுத்தபோது வாங்கவில்லை. "நடுவுல குழாய் எங்க?" இரண்டு பேரிங்குகளின் உள் வளையங்களுக்கும் இடையில் ஒரு சின்னக் குழாய் நிற்க வேண்டும். அது இல்லாமல் வெளியே நட்டை முறுக்கினால், இரண்டு பேரிங்கும் ஒன்றையொன்று பக்கவாட்டில் நெருக்கி ஒரே மாதத்தில் செத்துவிடும். குழாய் பெட்டியின் அடியில், விலைச்சீட்டுக்குள் சுருண்டு கிடந்தது. விற்றவர்கள் அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதியிருந்தாலும் மாமா படித்திருக்கப் போவதில்லை.

சக்கரங்கள் மாட்டியதும் ஒரு சிக்கல். பழைய சக்கரம் சுமார் 16 அங்குலம், புதியது 21. பின்பக்கம் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்து, வண்டி முன்னால் குனிந்து மாமனாரைப் பார்த்துக் கும்பிடுவது போல நின்றது. அவருக்கு அது பிடித்திருந்தது. எனக்கு இல்லை. ஃபோர்க்கின் சாய்வு குறைந்தால் ஸ்டியரிங் துடுக்காகிவிடும், லேசாகக் கால் பட்டாலே வெட்டித் திரும்பும். இருக்கையின் பட்டைகளை இழுத்துக் கட்டி உட்காருகிற கோணத்தைச் சரிசெய்தோம். துடுக்கை என் காலே அடக்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று தீர்ப்பானது. டயர் சட்டத்தில் உரசாமல் இருக்க ஆக்ஸிலில் வாஷர் கோத்ததைச் சொல்லி உங்களைச் சலிக்கவைக்க மாட்டேன்.

மட்கார்டுதான் பெரிய அத்தியாயம். பக்கிக்கென்றே விற்கிற மட்கார்டின் விலையைக் கேட்டு மாமா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "வேண்டாம்." தோட்டத்து மூலையில் மழைத்தண்ணீர் பிடிக்க வைத்து, விரிசல் விட்டதால் கவிழ்த்துப் போட்டிருந்த நீல ட்ரம்மைச் சுற்றி ஒரு வலம் வந்தார். கோவில்பட்டியில் தண்ணீர் பிடிக்க வீட்டுக்கு வீடு நிற்கிற அதே நீலம். நாடாவை வைத்து அளந்தார். விட்டம் 48 சென்டிமீட்டர். முன் சக்கரம் 40. "சக்கரத்துக்கு வளைவு ரெடியா இருக்கு. வெட்டினாப் போதும்." வெட்டினார். ஓரத்தை அரம் போட்டு இழைத்தார். ஃபோர்க்கில் பிடிக்க அலுமினியப் பட்டை, ஸ்டெயின்லெஸ் போல்ட், கழலாமல் இருக்க நைலான் வைத்த நட்டு, அதிர்வுக்கு ரப்பர் வாஷர். கடையில் வாங்கியதைவிட அழகாக இருந்தது என்று சொன்னால் பொய். ஆனால் உறுதியில் குறையில்லை. அதன் மேல் யானை உட்காரலாம், சக்கரம்தான் தாங்காது.

ஒரே ஒரு விஷயத்தில் தகராறு. ட்ரம்மின் வளைவுப்படி வைத்தால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நாலு சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும். கடற்கரை வண்டிக்கு அது கட்டாயம் வேண்டும், ஈரமணல் நுழைந்தால் வெளியேற வழி வேண்டாமா? மாமாவுக்கு அந்த இடைவெளி அசிங்கமாகப் பட்டது. "மட்கார்டுன்னா சக்கரத்தோட ஒட்டி இருக்கணும் மாப்பிள்ளை. தள்ளி இருந்தா அதுக்குப் பேரு பந்தல்." பட்டையை இறக்கி ஒரு விரல் இடைவெளியில் மாட்டினார். மணல் அடைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "எத்தனை வண்டிக்கு மட்கார்டு மாட்டியிருக்கீங்க?" என்று கேட்டார். மாமனாரிடம் வாதாடுவதற்கு ஓர் எல்லை உண்டு. அது அந்த ஒரு விரலுக்குள் முடிந்துவிட்டது.

எல்லாம் முடிந்து, துணியால் கையைத் துடைத்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தவர் நின்றார். குனிந்து முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். இருக்கைக்கு அடியில் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இதுல பிரேக்கு எங்கன இருக்கு?"

"பிரேக் கிடையாது மாமா."

கராஜில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"இருக்கு மாமா, ஆனா பட்டத்துக்கு" என்று சமாளித்தேன். நாலு கயிற்றுப் பட்டத்தில் கீழ்க்கயிறு இரண்டுக்கும் பிரேக் கயிறு என்றுதான் பெயர். அதை இழுத்தால் பட்டம் பின்வாங்கிக் கீழே இறங்கும். வண்டியை நிறுத்த வேண்டுமென்றால் காற்றடிக்கிற திசையை நோக்கித் திருப்பி, பட்டத்தை உச்சந்தலைக்கு மேல் கொண்டுவந்தால் இழுப்பு குறைந்து தானாக நிற்கும் என்றெல்லாம் விளக்கினேன். அவர் முகத்தில் எதுவும் ஏறவில்லை. பேச்சை மாற்ற, நாங்கள் இருக்கிற ஊரின் பெருமையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். 1826-ல் இதே பிரிஸ்டலில் ஜார்ஜ் போகாக் என்ற பள்ளிக்கூட வாத்தியார், பட்டம் இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். பெயர் சார்வோலன்ட். மணிக்கு 20 மைல் வேகத்தில் ஊர்ச் சாலைகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அந்தக் காலத்தில் சுங்கச்சாவடியில் குதிரைக் கணக்கில்தான் வரி. இந்த வண்டியில் குதிரையே இல்லாததால் ஒரு காசு வாங்க முடியவில்லை.

சுங்கம் கட்டாத கதை மாமாவுக்குப் பிடித்துப்போனது. நான் உற்சாகமாகி, போகாக் தன் மகள் மார்த்தாவை நாற்காலியில் உட்கார வைத்துப் பட்டத்தில் ஆகாயத்துக்கு ஏற்றியதையும், அந்தப் பெண்தான் பிற்காலத்தில் கிரிக்கெட் ஜாம்பவான் டபிள்யூ.ஜி. கிரேஸைப் பெற்றதையும் சொன்னேன். மாமா கிரேஸிடம் வரவில்லை, நாற்காலியிலேயே நின்றுவிட்டார். "பெத்த பொண்ணையா?" என்றார். பிறகு, "எம் பொண்ணை நீங்க ஏத்திராதீங்க" என்றார். அதோடு விட்டாரா?

"அந்த வாத்தியாரு வண்டியில பிரேக்கு இருந்துச்சா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. இருந்தது. ஓர் இரும்புக் கம்பியைச் சாலையில் ஊன்றி நிறுத்துகிற ஏற்பாடு.

"அப்பவே இருந்திருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இரவு சாப்பிடும்போது இன்னொரு முறை, தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்பவே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பிரீன் போனோம். கடல் இறங்கும் நேரம், தென்மேற்குக் காற்று, ஐந்து சதுர மீட்டர்ப் பட்டம். மாமா குரங்குக் குல்லாயும் மகளின் ரப்பர் பூட்ஸுமாக நின்று புறப்பாட்டைப் பார்வையிட்டார். இறுகிய மணலில் புதுச் சக்கரங்கள் சத்தமே இல்லாமல் உருண்டன. கரகரப்பு இல்லை, அரைப்பு இல்லை. ஈரமணலுக்குள் இறங்கியதும் வழக்கம்போல் கண்ணை இடுக்கினேன். ஒன்றும் வரவில்லை. ஒரு சொட்டு இல்லை. நீல ட்ரம்மின் உள்பக்கம் சடசடவென்று மழை பெய்யும் சத்தம் கேட்டது, என் முகம் மட்டும் காய்ந்திருந்தது. முதன்முறையாக எதிரில் வருவது என்னவென்று பார்த்து ஓட்டினேன். தூரத்தில் மனைவி போட்டோ எடுப்பது தெரிந்தது. கையை அசைக்க முடியாது, அதனால் பல்லைக் காட்டினேன்.

திரும்பி வருகையில் கொஞ்சம் கீழே, சேறும் மணலும் கலந்த இடத்தில் வண்டி போயிற்று. சடசட சத்தம் சொரசொர என்று ஆனது. அப்புறம் கரக் என்றது. முன் சக்கரம் மெதுவானது, மேலும் மெதுவானது, மட்கார்டுக்குள் சேறு கெட்டித்துச் சுற்றுவதையே விட்டது. பட்டம் கொஞ்ச தூரம் தரதரவென்று இழுத்துப் பார்த்தது. நான் பிரேக் கயிற்றை இழுத்துப் பட்டத்தை இறக்கினேன். வண்டி சேற்றில் ஒரு கோடு போட்டுவிட்டு நின்றது.

மாமா பூட்ஸைச் சேற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி வந்து சேர்ந்தார். அவசரப்படவில்லை. உட்கார்ந்து சக்கரத்தைக் கையால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. இன்னொரு முறை பலமாக அசைத்தார். அசையவில்லை. முகத்தில் அப்படி ஒரு திருப்தியைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

"மாமா, மட்கார்டை மூணு விரல் மேல ஏத்தணும். சேறு அடைக்குது."

"அடைச்சாத்தான மாப்பிள்ளை வண்டி நிக்கும்?"